கருவி எந்தப் பக்கம் பார்க்கிறது?

(நமது சங்கத்தின் மும்பைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் 'ஸ்மார்ட் சிட்டி'. தமிழ்நாட்டு அரசுத் தாள்களில் 'சீர்மிகு நகரம்' என்று எழுதுகிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் நம் சந்துகளில் அப்படி யாரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே நானும் ஸ்மார்ட் சிட்டி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் கணக்கு. 2015 ஜூன் 25 அன்று மத்திய அரசு இந்தத் திட்டத்தைத் தொடங்கியது. நூறு நகரங்கள். மத்திய அரசின் பங்கு மட்டும் 48,000 கோடி ரூபாய். மாநிலமும் நகராட்சியும் சேர்ந்து அதே அளவு போட வேண்டும். ஐந்தாண்டில் முடிய வேண்டிய திட்டம் நீண்டு நீண்டு 2025 மார்ச் 31 அன்றுதான் முடிந்தது. மும்பை மாநகரம் அந்த நூறில் இல்லை. ஆனால் நம் மக்கள் பிழைக்கப் போயிருக்கும் தாணே, கல்யாண்-டோம்பிவிலி, பிம்ப்ரி-சிஞ்ச்வட், சூரத், பெங்களூர் ஆகியவை இருந்தன. வேலைகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன. சில ஊரில் சாலை, சில ஊரில் பூங்கா. ஆனால் நூறு ஊரிலும் தவறாமல் எழுந்தது ஒன்று உண்டு: கட்டுப்பாட்டு அறை. சுவர் முழுக்கத் திரைகள். தெருக் காமிராவும் குப்பை லாரியும் போக்குவரத்து விளக்கும் அந்தத் திரையில் தெரியும். ஒரு சிலர் நாற்காலியில் அமர்ந்து நகரத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இந்த வேலைகளை நடத்தியது நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய கவுன்சில் அல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகரத்திலும் இதற்கென ஒரு கம்பெனி அமைத்தார்கள். கம்பெனிக்கு நிர்வாக இயக்குநர் உண்டு. நம் சந்துக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கலாம். மும்பையில் அதுவும் இல்லாமல் போன காலம் உண்டு. 2022 மார்ச்சில் மாநகராட்சிக் கவுன்சிலின் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகியே ஆண்டார்.

கருவி வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, தோழர்களே. பஞ்சாலையில், தோல் பதனிடும் தொட்டியில், துறைமுகத்துக் கிரேனில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம். இயந்திரத்தைக் கண்டு ஒதுங்குகிற கூட்டம் அல்ல. நான் கேட்பது ஒரே கேள்விதான். இந்தக் கருவிகள் எல்லாம் கண்கள். கண் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது? குழாயைப் பார்க்கிறதா, குழாயடியில் நிற்பவரைப் பார்க்கிறதா? ஆபீசின் வேலையை அளக்கிறதா, நம்மை அளக்கிறதா?

இரண்டு மழைமானிகள்

2005 ஜூலை 26. இந்தத் தேதியை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்றைய இரண்டு எண்களை நினைவூட்ட வேண்டும். சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நேரத்தில் கொலாபா நிலையத்தில் பதிவானது 73 மில்லிமீட்டர். ஒரே நகரம், ஒரே நாள். தென்கோடியில் வழக்கமான பருவமழை. வடக்கே குர்லா, கலீனா, சாயன், தாராவி என்று மித்தி ஆற்றின் இரு கரையும் தண்ணீருக்குள். மும்பையில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

அன்று வானிலைத் துறைக்கு நகரத்துக்குள் இருந்த நிலையங்கள் இந்த இரண்டுதான். மாநில அரசின் மந்த்ராலயமும் மாநகராட்சித் தலைமையகமும் இருப்பது தெற்கே, கொலாபாவை ஒட்டிய பகுதியில். அங்கே ஜன்னலைத் திறந்து பார்த்த அதிகாரிக்கு, குர்லாவில் ஆள் மூழ்கத் தண்ணீர் ஏறுவது எப்படித் தெரியும்? வடிகால்களோ வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு. மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும். அதுவும் கடலில் வற்றம் இருந்தால்தான். அன்று பிற்பகலில் ஏற்றம்.

அதன் பிறகு என்ன செய்தார்கள்? நகரத்தின் பல பகுதிகளிலும் தானாக இயங்கும் மழைமானிகளை மாநகராட்சி வைத்தது. தீயணைப்பு நிலையங்களின் கூரையிலும் வார்டு ஆபீஸ் கூரையிலும் அவை இருக்கின்றன. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்தப் பகுதியில் எவ்வளவு மழை என்று செய்தி போகிறது. 2020 ஜூனில் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லும் ஒரு ஏற்பாட்டையும் தொடங்கினார்கள். 'ஐஃப்ளோஸ்' என்று பெயர். மழை, கடலின் ஏற்றம், ஆற்றின் மட்டம், நிலத்தின் மேடு பள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்த வார்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று மூன்று நாள் முன்னதாகவே மதிப்பிட முடியும் என்கிறார்கள்.

இது நல்ல வேலை. மனமாரச் சொல்கிறேன். இங்கே கண் வானத்தையும் நாலாவையும் பார்க்கிறது. ஏழையை வேவு பார்க்கவில்லை. இரண்டு இடத்தில் இருந்த கண்ணைப் பல இடத்தில் வைத்தார்கள். அதனால் கொலாபாவின் மழையை வைத்து தாராவியின் மழையை முடிவு செய்கிற நிலை போயிற்று.

ஆனால் எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறை வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து நம் சந்துக்கு எப்படி வரும்? செல்போனில் மராத்தியில், இந்தியில், ஆங்கிலத்தில் வரும். நம் வீடுகளில் பகலில் இருப்பது யார்? பாட்டியும் கைக்குழந்தையும். பாட்டிக்குத் தமிழ் மட்டும் தெரியும். போனோ வேலைக்குப் போன மகன் சட்டைப் பையில் இருக்கும். கடைசி நூறு அடியை எந்த விஞ்ஞானியும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நூறு அடி நம் சங்கத்தின் வேலை என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு சந்திலும் பகலில் வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் போன் எண் நம்மிடம் இருந்தால் போதும்.

சாவிவாலாவும் செல்போனும்

அடுத்தது தண்ணீர். மும்பைக்கு ஏழு ஏரிகளில் இருந்து நாளொன்றுக்கு 3,800 மில்லியன் லிட்டருக்கு மேல் வருகிறது. இந்தியாவில் எத்தனையோ நகரங்கள் ஏங்குகிற அளவு. ஆனால் பங்கீடு எப்படி? குடிசைப் பகுதியில் ஆளுக்கு 45 லிட்டர், கட்டடத்தில் இருப்பவருக்கு 135 லிட்டர் என்பது மாநகராட்சி நீண்டகாலமாகக் கையாண்டு வந்த அளவுகோல். 45 லிட்டர் என்பது எத்தனை குடம் என்று தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த 45 கூட எல்லோருக்கும் இல்லை. குறிப்பிட்ட தேதிக்கு முன் கட்டிய குடிசைக்குத்தான் குழாய் என்று அரசு ஆணையே இருந்தது. முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1. தேதிக்குப் பின் வந்தவனுக்குத் தாகம் எடுக்காது போலும்! இதை எதிர்த்துப் போனவர்களின் வழக்கில் 2014 டிசம்பர் 15 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குடிசை சட்டப்படி கட்டப்பட்டதா இல்லையா என்பது வேறு, குடிநீர் வேறு, தண்ணீரை மறுக்க முடியாது. அதற்குப் பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் கடந்து 2022 மே மாதத்தில்தான் 'அனைவருக்கும் தண்ணீர்' என்ற கொள்கையை மாநகராட்சி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்த இடைவெளிக்கு எந்தத் தொழில்நுட்பம் குறைவாக இருந்தது? ஒன்றும் குறைவாக இல்லை. மனம்தான் குறைவாக இருந்தது.

இனிக் கருவிக்கு வருகிறேன். இந்த நகரத்தில் தண்ணீர் எந்நேரமும் ஓடுவதில்லை. ஒரு பகுதிக்கு அடைத்து இன்னொரு பகுதிக்குத் திறந்து, நாள் முழுக்க நூற்றுக்கணக்கான வால்வுகளைக் கையால் திருப்புகிறார்கள். திருப்புகிறவர் சாவிவாலா. நீண்ட இரும்புச் சாவியோடு லாரியில் போவாரே, அவர்தான். அவர் எத்தனை சுற்றுத் திறந்தார், எத்தனை நிமிடம் விட்டார் என்பதில் இருக்கிறது நம் வீட்டுக் குடம். பெரிய குழாய்களில் இன்று அளவுமானி உண்டு. எத்தனை லிட்டர் போயிற்று என்று அறையில் இருந்தே தெரியும். ஆனால் மேட்டில் இருக்கும் கடைசிக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறதா, பாய்கிறதா என்று சொல்ல அங்கே எதுவும் கிடையாது. அளவுமானி பெரிய குழாயில் நிற்கிறது. வரிசை கடைசிக் குழாயில் நிற்கிறது.

கர்நாடகத்தில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. அதன் கதை நமக்குப் பாடம். ஹூப்ளி-தார்வாடில் 2011 வாக்கில் 'நெக்ஸ்ட் டிராப்' என்ற நிறுவனம் ஒரு யோசனை செய்தது. அங்கே தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும். எப்போது வரும் என்று தெரியாமல் பெண்கள் வேலைக்குப் போகாமல் காத்துக் கிடப்பார்கள். வால்வைத் திறக்கும் ஊழியர் திறக்கும் முன் ஒரு போன் செய்தால், அந்தப் பகுதி வீடுகளுக்கெல்லாம் "இத்தனை மணிக்குத் தண்ணீர்" என்று குறுஞ்செய்தி போகும். எவ்வளவு எளிய யோசனை! பிறகு பெங்களூருக்கும் கொண்டுவந்தார்கள். அங்கும் பல பகுதிகளில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். நம் தமிழ்க் கூலிக் குடும்பங்கள் அங்கே எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெங்களூரில் அதை வீடு வீடாகச் சோதித்துப் பார்த்தார்கள். காத்திருக்கும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஏன்? கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. ஆனால் வால்வு ஊழியர் ஒவ்வொரு முறையும் போன் செய்யவில்லை. சொன்ன நேரமும் பல முறை பொருந்தவில்லை. அவரைக் குற்றம் சொல்வது சுலபம். வெயிலில் தெருத்தெருவாக வால்வு திருப்புகிறவருக்கு அது கூடுதல் வேலை. அதற்குக் கூடுதல் காசு கிடையாது, நன்றியும் கிடையாது. இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள் இருந்தது. பதிவு செய்த போன் பல வீட்டில் கணவனிடம். செய்தி அவன் வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்விடும். தண்ணீருக்குக் காத்திருப்பவள் வீட்டில். சிரிக்கிறீர்கள். ஆனால் நாளை மும்பையில் இதே ஏற்பாடு வந்தால் யார் எண்ணைக் கொடுப்போம் என்று இன்றே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

கையில் கடிகாரம், குழியில் ஒன்றுமில்லை

இப்போது நம்மவர்கள் பலர் வயிறு வளர்க்கும் துறைக்கு வருகிறேன். துப்புரவு. மும்பையிலும் டெல்லியிலும் இந்த வேலைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் போயிருக்கிறார்கள். எந்தச் சாதியினரை இந்த வேலைக்கு அனுப்பினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஒரு கடிகாரம் கட்டினார்கள். நேரம் காட்ட மட்டும் அல்ல. அவர் எங்கே நிற்கிறார் என்பதைச் செயற்கைக்கோள் வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு புள்ளி. புள்ளி அசையாவிட்டால் கேள்வி. எல்லையைத் தாண்டினால் கூலி பிடிப்பு. பெண் தொழிலாளர்கள் ஒதுங்கும் இடத்துக்குப் போகக்கூடக் கூசினார்கள். சண்டிகரில் தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

இனி அதே துறையில் இன்னொரு கருவியைப் பாருங்கள். பாதாளச் சாக்கடைக்குள் விஷவாயு இருக்கிறதா என்று காட்டும் மானி. கைக்கு அடக்கமானது. ஏன் அது வேண்டும்? ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 'நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கிற அந்த நிமிடம்தான் ஆளைக் கொல்லுகிற நிமிடம். அனுபவம் உள்ள தொழிலாளிகூட மூக்கை நம்ப முடியாது. மானி இருந்தால் கீச்சென்று கத்தும். அவ்வளவுதான் விஷயம்.

2013-இல் சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் எவரையும் சாக்கடைக்குள் இறக்கக் கூடாது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. ஆளை இறக்காமல் அடைப்பு எடுக்கும் இயந்திரமும் நம் நாட்டிலேயே செய்கிறார்கள். கேரளத்து இளைஞர்கள் செய்த 'பாண்டிகூட்' 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. ஆக, கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிறகு ஏன் இன்னும் சாவுச் செய்தி வருகிறது? ஒப்பந்தக்காரனிடம் வேலையை விட்டுவிட்டு, அவன் எவரை இறக்கினான் என்று எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். மேலே தெருக் கூட்டுகிறவர் பத்து நிமிடம் டீ குடித்தால் தெரிகிறது. கீழே ஒருவன் மூச்சடைத்துச் சாவது மட்டும் தெரியவில்லை! இரண்டுக்கும் பணம் ஒரே கஜானாவில் இருந்துதான் போகிறது.

ரேஷன் கடையிலும் இந்தக் கண் நம் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. சோடாவிலும் சிமெண்டிலும் தேய்ந்த விரலுக்குக் கைரேகை விழவில்லை என்றால் அரிசி இல்லை. கடைக்காரர் எத்தனை மூட்டை இறக்கினார் என்பதை நாம் பார்க்கும்படி ஒரு திரை எத்தனை கடையில் இருக்கிறது?

தலைக்கணக்கு

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும் விடக் கவலை தருவது. வீட்டுக் கணக்கு.

1976 ஜனவரி 4 அன்று இந்த ஊரில் அரசு நிலத்திலும் மாநகராட்சி நிலத்திலும் இருந்த குடிசைகளை ஒரே நாளில் கணக்கெடுத்தார்கள். ட்ரோன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பேனாவும் தாளும். அந்தக் கணக்கில் பேர் விழுந்தவர்களுக்கு 'போட்டோ பாஸ்' கிடைத்தது. குடும்பத்தோடு எடுத்த படம் ஒட்டிய அட்டை. இங்கே இருக்கும் பெரியவர்கள் சிலர் அதை இன்னும் பெட்டியில் வைத்திருப்பார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 1981 ஜூலையில், கொட்டுகிற மழையில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்ப முதலமைச்சர் அந்துலே உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் ஒருவர் நம் சேலத்துக்காரர். நிலமில்லாத விவசாயக் கூலி. பஞ்சத்தில் 1961-இல் இங்கு வந்தவர்; தஹிசரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் ஒரு கூரைக்காக ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் கொடுத்திருந்தார். ஜூலை 23 அன்று அதைப் பிரித்து எறிந்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு அவர் மறுபடி இங்கேயே வேலை தேடி வந்தார். இது நான் கட்டிச் சொல்லும் கதை அல்ல. அந்த வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிறது. 1985 ஜூலை 10 அன்று வந்த தீர்ப்பு, பிழைப்பும் வாழும் உரிமையின் பகுதிதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் மாற்று இடம் யாருக்கு என்று வரும்போது, 1976 கணக்கெடுப்பில் அட்டை பெற்றவர்களுக்கு என்றுதான் சொன்னது. கணக்கில் பேர் இல்லாதவருக்கு மழைக்காலம் முடியும் வரை பொறுப்பு, அவ்வளவே.

இப்போது தாராவிக்கு வாருங்கள். 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கு தொடங்கியது. மேலே ட்ரோன் பறக்கிறது. சந்துக்குள் லேசர் ஒளியை வீசிச் சுவரை அளக்கிறார்கள். வாசலில் எண் எழுதிவிட்டு, செல்போன் செயலியில் நம் தாள்களைப் படம் பிடிக்கிறார்கள். வேலை எடுத்திருக்கும் கம்பெனியில் அதானி குழுமத்துக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20 பங்கு. விதி என்ன? 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின், 2011 ஜனவரி 1-க்கு முன் என்றால், தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் கட்டி. மாடியில் இருப்பவர்களுக்கு, 2022 நவம்பர் 15-க்கு முன் வந்திருந்தால், தாராவிக்கு வெளியே வாடகை வீடு; தவணை கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

லேசர் சுவரை நூல் பிசகாமல் அளக்கும். மாடியில் இருப்பவர் எந்த ஆண்டு வந்தார் என்று சுவர் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பழைய தாள்: வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, கரண்ட் பில். இங்கேதான் நம் குடும்பங்களுக்கு ஆபத்து. எத்தனை வீட்டில் ரேஷன் கார்டு இன்னும் திருநெல்வேலிப் பக்கம் ஊரில் அப்பா பேரோடு இருக்கிறது? எத்தனை பேர் ஓட்டு ஊரில்? கோயில் கொடைக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம், ஊர் நமக்கு வேண்டும். அதை விடச் சொல்ல நான் யார்? ஆனால் முப்பது ஆண்டு இங்கே வேலை செய்தவன் இந்த ஊரின் எந்தத் தாளிலும் இல்லை என்றால், எவ்வளவு நுட்பமான கருவியும் அவனைக் காணாது.

கணக்கில் விழாவிட்டால் என்ன ஆகும் என்று டெல்லி காட்டிவிட்டது. ஜங்புராவில் பாராபுல்லா நாலாவை ஒட்டி மதராஸி கேம்ப். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். நாலா அடைத்துக்கொண்டு வெள்ளம் வருகிறது, ஆகவே குடிசைகள் போக வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். சுமார் 370 வீடு. மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதலில் அறிவித்தது 189 குடும்பத்துக்கு. அந்த வீடும் நகரின் வடகோடியில் நரேலாவில். ஜங்புராவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண் அங்கிருந்து எத்தனை பஸ் மாறி வருவாள்? வெள்ளம் வராமல் இருக்க வடிகால் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாலாவில் தண்ணீர் நின்றால் முதலில் மூழ்குவது கரையில் இருக்கும் நாம்தான். ஆனால் நாலாவை அடைக்கும் கட்டடக் கழிவு எந்தெந்த லாரியில் வந்தது என்று எந்தக் காமிராவாவது பார்த்ததா?

நாம் செய்யக்கூடியது

தோழர்களே, கோரிக்கை எழுதுவதில் நமக்குப் பழக்கம் உண்டு. இந்த முறை கோரிக்கையோடு கணக்கும் கொடுப்போம். ஒவ்வொரு குழாயடியிலும் ஒரு நோட்டு. என்றைக்கு, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, ஒரு குடம் நிறைய எத்தனை நிமிடம். முப்பது நாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை எழுதலாம். குடம் நிறையும் நேரத்தைவிட நல்ல அழுத்தமானி உலகத்தில் இல்லை! அதை வைத்துக்கொண்டு கடைசிக் குழாயிலும் மானி வை, அதன் கணக்கைச் சந்து முனையில் பலகையில் எழுது என்று கேட்போம். மாநகராட்சிக்கு 1916-இல் புகார் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி அதே நோட்டில் எழுதுங்கள். எண் இல்லாத புகாரை நாளை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக் கணக்கில் செயலியில் படம் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் என்னென்ன தாள் பதிவாயிற்று என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அன்று வந்தவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்; வாசலில் எழுதிய எண்ணைப் படம் எடுங்கள். பட்டியல் வந்ததும் ஆட்சேபம் சொல்லக் குறிப்பிட்ட நாள்கள்தான் தருவார்கள். ஊருக்குப் போயிருந்தேன் என்பது காரணமாகாது.

தகவல் அறியும் சட்டம் 2005-இல் இருந்து இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நம் சந்துக்குத் தண்ணீர் திறக்கும் நேர அட்டவணை, இந்த வார்டில் வாங்கிய விஷவாயு மானிகள் எத்தனை, சாக்கடை வேலை ஒப்பந்தம் யாருக்கு, இந்த மூன்றைத்தான் முதலில் கேட்கப் போகிறோம். விண்ணப்பத்தைத் தமிழில் எழுத முடியாது. மராத்தி, இந்தி, ஆங்கிலம் இவற்றில் ஒன்றில் எழுத வேண்டும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் மராத்தி படித்த நம் பெண்பிள்ளைகள் இருவர் ஏற்கெனவே எழுதித் தந்துவிட்டார்கள். அழகான கையெழுத்து.

விண்ணப்பம் வாசல் பக்க மேசையில் இருக்கிறது. விண்ணப்பதாரராக ஐந்து பேர் வேண்டும். மூன்று பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழாயடி நோட்டுகள் பக்கத்தில் கட்டாக வைத்திருக்கின்றன. சந்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, எடுத்தவர் பெயரைச் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நோட்டோடு வர வேண்டும்.